ஒரே மருந்து

ஜெசிந்தாவும் ரோஸ்லினும் அச்சு மாறாத இரட்டைப் பிள்ளைகள். சிறுவயதில் ஏற்றிய ரத்தத்தின் வழியே இருவருக்குமே ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி வந்திருந்தது. மரபணுச் சோதனையைப் பார்த்த டாக்டர், "ரெண்டு பேருக்கும் மருந்து நல்லா கேக்கும்மா" என்று அடித்துச் சொன்னார். மாதக்கணக்கில் ஊசியும் காய்ச்சலுமாகப் போய், கடைசியில் ஜெசிந்தாவின் ரத்தத்தில் கிருமி இல்லை. ரோஸ்லினுக்கு அப்படியே இருந்தது. "எப்படி டாக்டர்? எங்களுக்கு ஒரே உடம்புதானே?" என்றாள் ஜெசிந்தா. இருவர் ரத்தத்தையும் மறுபடி சோதித்தார்கள். அதே முடிவுதான். "நீயாவது தேறுனியேக்கா" என்று ரோஸ்லின் சிரித்தாள். ஜெசிந்தாவுக்கோ, தங்கைக்கு வரவேண்டியதைத் தான் எடுத்துக்கொண்டுவிட்டதுபோல இருந்தது. அடுத்த சுற்று ஊசிக்கு நர்ஸ் வெளியே வந்து, "ரோஸ்லின் யாரும்மா?" என்றாள். தங்கை எழுவதற்குள் ஜெசிந்தா எழுந்து, "நான்தான்" என்று வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.