எடுத்தது யார்?

பெனிட்டாவின் சவப்பெட்டியை ஆலயத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைமேல் கல்குவாரி லாரி ஏறிவிட்டது. லாரியின் சொந்தக்காரர் கோயில்பிள்ளை முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“கர்த்தருக்கு இந்தப் பிள்ளைமேல் அவ்வளவு பிரியம். அதனால்தான் சீக்கிரமே தம்மிடம் எடுத்துக்கொண்டார்” என்றார் போதகர்.

“ஆமென்” என்றார் கோயில்பிள்ளை.

அந்த ஆமென்தான் பெனிட்டாவின் தாய் ஜெபக்கனியை எழுப்பியது.

“நிறுத்துங்க ஐயா. பிரியம் வச்சவரு இப்படியா நசுக்குவாரு? நான் முழங்கால் போட்டுக் கும்பிடுதவரு கொலைகாரரா?”

“அம்மா, அவருடைய சித்தம்...”

“அவரு சித்தம் இல்ல. பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் சொல்லியும் வண்டிய எடுலேன்னு விரட்டினவரு சித்தம். அந்தா உக்காந்திருக்காரு.”

யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டாள்.

“கர்த்தர் மேல இருந்து கைய நீட்டி எடுக்கல ஐயா. லாரிக்கு அடியில எம்புள்ளையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. அவரு மேலயும்தான் சக்கரம் ஏறுச்சு. அவரு மேலயே பழியும் போடுதீங்களே!”

முன்வரிசையில் ஒருவர் இருமினார். ஜெபக்கனி இரண்டு கைகளையும் பெட்டியின்மேல் ஊன்றிக்கொண்டாள்.

“இன்னொருக்கா ஜெபம் பண்ணுங்க. செஞ்சவரு பேரச் சொல்லிப் பண்ணுங்க. அதுக்கப்புறம் தூக்கலாம்.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முன்வரிசைப் பக்கம் திரும்பாமல் கண்களை மூடி, “பரலோகப் பிதாவே...” என்று ஆரம்பித்தார். அடுத்த சொல் வரவில்லை.

ஜெபக்கனி கைகளை எடுக்கவில்லை.