பிடரியில் ஒரு மரு

மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து கோமதியும் அவள் கணவர் தங்கராசுவும் பேசிக்கொள்வதில்லை. "எல்லாம் நீ கொடுத்த இடம்" என்று அன்று அவர் சொன்னதோடு சரி. ஆனால் அவர் பிடரியில் மிளகு பருமனுக்குத் தொங்கிய மரு, சட்டைக் காலரில் உரசி ரத்தம் கசிந்தபோது, கண்ணுக்கு எட்டாத அந்த இடத்துக்கு அவள் கைதான் வேண்டியிருந்தது. மரு உதிர்ந்து விழக் குதிரை முடி கட்டுவார்கள். குதிரைக்கு எங்கே போவது? கோமதி தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி மருவின் காம்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அதன்பின் தினமும் விளக்கு வைத்ததும் அவர் முக்காலியில் வந்து குனிந்து உட்காருவார். அவள் பழைய முடியை அறுத்துவிட்டுப் புது முடி கட்டுவாள். "வலிக்குதா?" என்பாள். "இல்ல" என்பார். வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

இன்று காலை படுக்கையை உதறும்போது கறுத்துச் சுருங்கிய ஒன்று தரையில் விழுந்தது. அவள் போட்ட முடிச்சு அதில் அப்படியே இருந்தது. வெளியே முகம் கழுவிக்கொண்டிருந்தவர் பிடரியைத் தடவுவதையும், தடவிய கை அங்கேயே நின்றுவிடுவதையும் ஜன்னல் வழியே பார்த்தாள். முக்காலியை எடுத்துப் பரணில் போட்டாள்.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினால், முக்காலி கீழே இறங்கியிருந்தது. அவர் காலரைத் தழைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிடரி வழவழவென்று இருந்தது.

"இறுக்கிக் கட்டு," என்றார். "நேத்து கொஞ்சம் தளர்ந்துடுச்சு போல."

கோமதி தலையைத் தடவி, நீளமாக ஒரு முடியைத் தேடிப் பிடுங்கினாள்.