மக்கர் பண்ணின மெஷின்

உக்காருங்க, உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! பேச்சை நிறுத்து. தொப்பியக் கழட்டு. போனை அணை. ஏய் ரஸல், உனக்குத் தனியாச் சொல்லணுமா? வாயில இருக்கிறதை முழுங்கிட்டு உக்காரு.

தினம் கோர்ட்டுல ஊருக்கே இதைக் கத்துற டவாலி நான். சாப்பாட்டு ரூம்ல உங்களை விட்டுடுவேனா?

இன்னிக்குக் காலையில க்ரான்ட்ஸ் ஜட்ஜ்கிட்ட நடந்த கூத்தைக் கேளுங்க. அதோ மூலையில சூப் குடிக்குதே ஒடெஸ்ஸா அக்கா, அதான் கதையில காமெடி. கோவிச்சுக்காத அக்கா. கோவிச்சாலும் நீ எங்க வாயைத் திறக்கப் போற? கோர்ட்டுல அடுத்தவன் பேசுறதையெல்லாம் ரெக்கார்டுக்காக மெஷின்ல தட்டித் தட்டியே உன் பேச்சு மறந்துபோச்சு.

வெளியில பனி கொட்டுது. நான் "லவெல் விட்லோ!"ன்னு கூப்பிடுறேன். ஆளில்ல. வராந்தாவுல போய்க் கூப்பிட்டேன். என் குரல்தான் எனக்குத் திரும்பி வந்துச்சு.

லவெல் யாரு? பேக்கரியில மாவு பிசையுற பையன். லைசென்ஸை முடக்கி வச்சிருக்கும்போது கார் ஓட்டிட்டான். அதுதான் கேஸ். பொண்டாட்டி இல்ல, ஒத்தைப் பெண்குழந்தை.

அரசு வக்கீல் ப்ரெஸ்காட் எந்திரிச்சாரு. கோழி மாதிரி கழுத்தை இப்படி நீட்டிக்கிட்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே! வாய்தாவுக்கு ஆள் வரலை. வாரண்ட் போடணும்."

வாரண்ட் விழுந்தா பையன் உள்ள போவான். வேலை போயிடும். குழந்தையை சர்க்கார் ஆளுங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க.

காசில்லாதவங்களுக்கு சர்க்காரே கொடுக்குற வக்கீலம்மா வான்டா பதறிட்டாங்க. "அய்யா, பஸ்ஸு பனியில மாட்டிக்கிச்சு. குழந்தையத் தூக்கிட்டு நடந்தே வர்றான். இப்பதான் போன் பண்ணான்!"

"கார்ல வந்தா என்ன?"ன்னாரு ஜட்ஜ், மூக்கால.

"வந்திருப்பான்யா. நீங்கதான் ஓட்டக் கூடாதுன்னுட்டீங்க."

கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜ் சிரிக்கலை. அந்த மூஞ்சிக்கு சிரிப்பு எங்க வரும்? அதுலயும் ஜட்ஜ் சீட்டுக்கு எலெக்‌ஷன் வருது. இளகின ஜட்ஜுன்னு பேர் வாங்கினா ஊர்ல ஓட்டு விழாது.

"என்னை என்ன பஸ் ஸ்டாப்புன்னு நெனச்சுட்டானா, காத்துக்கிட்டே நிக்க? லவெல் விட்லோ மேல வாரண்ட்..."

பொசுக்! அக்கா மெஷின் படுத்துருச்சு.

பாட்டரி செத்த பழைய மெஷின். ஜட்ஜ் மேஜையை ஒட்டி உக்காந்து, ஒயரை அந்த மேஜைக்கடியில சொருகித்தான் அக்கா ஓட்டுது. அக்கா மெதுவா ஒரு கையைத் தூக்குச்சு. அவ்வளவுதான், மொத்தக் கோர்ட்டும் நின்னுபோச்சு. அக்கா தட்டலைன்னா ஜட்ஜ் சொன்னது சொன்னதாவே ஆகாதே.

ஜட்ஜ் குதிச்சாரு பாருங்க. "மறுபடியுமா ஒடெஸ்ஸா? போன வாரம் அந்தக் கிழவி வரலைன்னப்பவும் இதே கூத்து! அந்த டப்பாவை மியூசியத்துல வை. பக்கத்துலயே நீயும் நில்லு!"

அக்கா குனியுது. ஒயரைத் தடவுது. நிமிருது. கண்ணாடியைத் தொடைக்குது. மறுபடி குனியுது. நத்தை கூட அதுக்குள்ள ரோட்டைத் தாண்டிடும்!

"சம்பளம் மட்டும் கரெக்டா வாங்குறாங்க"ன்னு பின் வரிசையில ஒருத்தன் முனகினான்.

ப்ரெஸ்காட்டுக்குத் தாங்கலை. "அய்யா, வாரண்ட்டை மட்டும் வாயால சொல்லிடுங்களேன்."

"ரெக்கார்டு இல்லாம ஆர்டரா? நீர் சட்டம் படிச்சீரா, சந்தையில வாங்கினீரா? உக்காரும்!"

அந்த நேரம் பார்த்து கதவு படார்னு திறந்துச்சு. லவெல்! தலையெல்லாம் பனி. கோட்டுக்குள்ள குழந்தை, மூக்கு மட்டும் வெளியில. ஒரு கால்ல சாக்ஸ் இருக்கு, இன்னொன்னு வழியில எங்கயோ விழுந்துபோச்சு.

"மன்னிச்சுக்குங்கய்யா, பஸ்ஸு..."

அக்கா கடைசியா ஒரு தடவை குனிஞ்சுது. டிக் டிக் டிக். மெஷின் ஓடுது!

"ஆள் ஆஜர்"ன்னாரு ஜட்ஜ். "வாரண்ட் பேச்சே இனி இல்ல. ஏய் விட்லோ, அடுத்த வாய்தாவுக்கு முந்தின பஸ்ஸைப் பிடி. ஒடெஸ்ஸா, இதையும் எழுதிக்கோ. அந்தக் குழந்தைக்கு சாக்ஸ் வாங்கிப் போடணும், இது கோர்ட் உத்தரவு. அடுத்த கேஸ்!"

வான்டாவம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. பையன் குழந்தையோட வெறுங்காலை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு அப்படியே நின்னான்.

சிரிக்காதீங்கடா! ஏன் அக்கா, நிஜமாத்தான் கேக்குறேன். அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு கேளேன். எல்லார் முன்னாடியும் அந்தக் கல்நெஞ்சுக்காரர்கிட்ட எத்தனை நாளைக்குத் திட்டு வாங்குவ?

ஒடெஸ்ஸா அக்கா ஸ்பூனைக் கீழ வச்சுது. வாயைத் தொடைச்சுது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இரு. அப்புறமா உன் கல்நெஞ்சுக்காரர்கிட்ட போய்ச் சொல்லு. ப்ளக்கை உதைக்கிறப்ப கொஞ்சம் பார்த்து உதைக்கட்டும். ரெண்டு தடவையும் என் கால் விரலையும் சேர்த்துல்ல உதைச்சாரு!"