பத்து இலக்கம்

தண்ணீர் பாட்டிலோடு அவள் பேருந்தில் ஏறியபோது மகள் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டேன்பா. பஸ்ல இருக்கேன். அம்மா தண்ணி வாங்கப் போயிருக்காங்க."

படிக்கட்டிலேயே அவள் கால் நின்றுவிட்டது.

படியை ஒட்டிய இருக்கையில், மகளுக்குப் பக்கத்தில் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மாள். மடியில் வயர் கூடை. ஃபோன் அவருடையது. நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கெட்டிக்காரப் புள்ளைங்க! பேரு மிருதுளான்னுச்சு, யூகேஜின்னுச்சு. அப்பா பேரு, வீட்டு அட்ரஸு, ஃபோன் நம்பரு அத்தனையும் மூச்சு விடாம சொல்லுதுங்க. சரியாத்தான் சொல்லுதான்னு போட்டுப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரரே எடுத்துட்டாருங்க."

சேலம் போகும் பேருந்து. கோவையை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டுநர் டீ குடிக்க இறங்கியிருந்தார். நடத்துநரும் கூடவே போயிருந்தார்.

வீட்டிலிருந்து அவள் தனியாக வெளியே வர முடிந்தது மகளைப் பள்ளியில் விடும் நேரத்தில் மட்டும்தான்.

போக எட்டு நிமிடம். திரும்ப எட்டு நிமிடம்.

இன்று காலையும் சீருடை போட்டுவிட்டாள். பையை மாட்டிவிட்டாள். தன் ஃபோனை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். பள்ளிக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி நேரே நடந்தாள்.

எங்கே போகிறோம் என்று மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த நம்பரைச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான்.

பள்ளி திறந்த வாரத்தில் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். குழந்தைக்குத் தந்தை பெயர், முகவரி, கைபேசி எண் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். தொலைந்துபோனால் உதவும்.

தோசை வார்த்தபடியே, மூன்று, மூன்று, நான்கு எண்ணாகப் பிரித்து, ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நாலு நாளில் வந்துவிட்டது.

மகளுக்கு எல்லாமே சீக்கிரம் வந்தது. நூறு வரை எண்ணினாள். கையைத் தட்டிக்கொண்டு பாட்டுப் பாடினாள். வீடு நம்மை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கும் என்று ஒப்பித்தாள். நிறங்கள் நடத்திய வாரம், அம்மாவின் முழங்கைக்கு மேலே விரல் வைத்து, "பர்ப்பிள்" என்றாள். மூன்று நாள் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்து, "இப்ப கிரீன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டிலும் முழுக்கைச் சுடிதார்தான்.

"அம்மா வந்தாச்சா? அம்மாகிட்ட குடு."

ஃபோனிலிருந்து குரல் அவளுக்கே கேட்டது. மெதுவான குரல். வெளியாட்கள் இருக்கும்போது அவன் சத்தம் போடுவதில்லை.

அவள் கை நீட்டவில்லை.

பிடுங்கி அணைத்துவிடலாம். அவன் அதே நம்பருக்கு மறுபடி கூப்பிடுவான். இந்த அம்மாள் எடுப்பார். எந்த வண்டி, எந்த ஊர் என்று எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்வார்.

இறங்கி ஓடலாம். எங்கே?

ஓட்டுநர் இருக்கை காலியாகவே இருந்தது.

"சரி கண்ணு, நீயே சொல்லு. வெளிய போர்டு ஏதாச்சும் இருக்கா பாரு. என்ன எழுதியிருக்கு? அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு."

"படி சாமி, படி," என்றார் அந்த அம்மாள். "தமிழ் படிக்கிறயான்னு அப்பா பார்க்கறாரு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

நேர் எதிரே, நீலத்தில் வெள்ளையாக, ஆள் உயர எழுத்துகள்.

சத்தமில்லாமல் மகளின் உதடு ஒவ்வொன்றாகக் கூட்டியது.

அ.

வி.

நா.

சி.

முடித்ததும் மகளின் முகம் மலர்ந்தது. சொல்வதற்காக வாயைத் திறந்தவள், அம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

அவள் தலையாட்டவில்லை. கண் காட்டவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அவ்வளவுதான் முடிந்தது.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டான்.

"இல்லப்பா. மிஸ் இன்னும் சொல்லித் தரல."

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. குழந்தையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். துணி முழங்கைக்கு மேலே சரிந்திருந்தது.

அவள் அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாள் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். "நீங்க யாருங்க? அது எந்த வண்டிங்க?" என்று அவன் கேட்பது மூன்று பேருக்கும் கேட்டது.

அவர் அழைப்பைத் துண்டித்தார்.

உடனே மணி அடித்தது.

ஃபோனைக் கூடைக்குள் வைத்து, அதன் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "நீங்க உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். அந்த அம்மாள் வாங்கித் திறந்து கொடுத்தார்.

மணி நின்றது. மறுபடி அடித்தது.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் ஏறினார். நடத்துநர் விசில் கொடுத்தார். எஞ்சின் உறுமியதில் கூடைக்குள்ளிருந்து வந்த சத்தம் கேட்கவில்லை.

பேருந்து நகர்ந்ததும் மகள் அவள் மடியில் ஏறி, காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"மிஸ்கிட்ட சொல்லிராதம்மா."