அழுத்துவதற்கு முன்பே

கை நடுங்கக் கூடாது, இப்போது மட்டும் நடுங்கக் கூடாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

கூடத்தில் கணவன் தன் புது வீடியோ கேம் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான். பழைய பாணி விளையாட்டுகள். அதைத் தயாரிக்கவென்று இணையத்தில் யார் யாரோ பணம் போட்டுவிட்டு, பெட்டி வருமா வராதா என்று காத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கன்ட்ரோலரை வாங்கி ஆடினார். திரையில் குரங்கு பள்ளத்தைத் தாண்டியது.

"யப்பா, நான் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே தாவுதே. என்ன வேகம்."

அவளுக்கு வியர்த்தது.

தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் கணவன் படுக்கையறைக்குள் வந்தான். "அவசரப்படாதம்மா. அவர் விரலைப் பாத்துட்டு அழுத்து."

கூடத்தில் இருந்தது வெறும் பெட்டி. கதவிடுக்கு வழியே பார்த்து, கூடத்துத் திரைக்கு வயர் இழுத்திருந்த பழைய கணினியில் இவ்வளவு நேரமும் ஆடியது அவள்தான்.

"இன்னும் ஒருத்தர்தான். அப்புறம் எல்லாரும் இன்னும் பணம் போடுவாங்க."

"அதான் பயமா இருக்குங்க" என்றவள், கையிலிருந்த கன்ட்ரோலரைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.