கத்தினால் கலக்கும்

"குழம்புல உப்பே இல்ல!" என்று கத்த வாயெடுத்தார் மேனேஜர். நேரம் காலம் பார்க்காமல் கலக்கும் குடல் அவருக்கு.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? பால் கூடாது, காபி கூடாது, கத்தவும் கூடாது," என்றாள் மனைவி.

மேனேஜர் கப்சிப். ஆபீஸிலும் அப்படியே பழகினார். வயிறு அடங்கியது. டாக்டருக்கு நன்றி சொல்ல இருவரும் போனார்கள்.

"கத்தாம இருந்ததுலதான் சரியாச்சு, டாக்டர்!"

"கத்தக் கூடாதுன்னு நான் சொல்லலையே?"

மேனேஜர் திரும்பி மனைவியை முறைத்தார்.

"அன்னிக்கு பாதியில டாய்லெட்டுக்கு ஓடினீங்களே, அப்பத்தான் சொன்னார்," என்றாள் அசராமல்.

டாக்டர் அவளையே பார்த்தார். "ஆமாமா, சொன்னேன் சொன்னேன்."

மேனேஜர் வெளியேறியதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார்: "அம்மா, இந்த வைத்தியம் என் வீட்டுக்காரி காதுக்குப் போயிடாம பாத்துக்குங்க."