பத்தாவது ஆள்

"வராண்டாவுக்கு வந்துட்டார்! எல்லாரும் புத்தகத்தைத் திறங்க. தயவுசெஞ்சு யாரும் கொட்டாவி மட்டும் விட்டுடாதீங்க!"

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்த இங்கிலீஷ் பேராசிரியர், கரும்பலகை முன்னால் போய் நின்றுகொண்டார். பதற்றத்தில் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்து ஒரு துண்டு மேஜைக்கு அடியில் உருண்டது.

பகலெல்லாம் கடையிலும் பட்டறையிலும் உழைப்பவர்களுக்குச் சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தே இந்தச் சமுதாயக் கல்லூரியில் தலை நரைத்தவர் அவர். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் வயதும் தாண்டிவிட்டது.

புதிதாக வந்திருக்கும் முதல்வரோ கறாரான ஆசாமி. பத்துப் பேர் சேராத மாலை வகுப்பை அன்றைக்கே இழுத்து மூடிவிடுவார். வாத்தியாருக்கும் அன்றோடு ஒரு பெரிய கும்பிடு. ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்று தானே நேரில் வந்து தலையை எண்ணுகிறார். இன்றைக்கு இங்கிலீஷின் முறை.

பேராசிரியர் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். முன் பெஞ்சில் தையற்கார அம்மா. பக்கத்தில், எத்தனை தேய்த்தாலும் நகத்தில் கிரீஸ் போகாத மெக்கானிக். அடுத்து கேக் செய்கிற பெண்மணி, சலூன்காரர், கணக்கு எழுதுபவர் என்று வரிசையாக ஆட்கள். ஆக மொத்தம் சரியாகப் பத்து. ஆனால் அந்தப் பத்தாவது ஆள், டாக்ஸி டிரைவர், கடைசி பெஞ்சில் கவிழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அவரை எழுப்புங்களேன்!"

"எழுப்பிப் பார்த்தாச்சு சார். 'எங்க போகணும்?'னு கேட்டுட்டு மறுபடியும் படுத்துட்டார்" என்றார் மெக்கானிக்.

கதவு திறந்தது. முதல்வர் உள்ளே வந்தார். தூங்குபவரைத் தவிர மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் ஈவினிங், சார்" என்று ராகம் போட்டது.

"உட்காருங்க, உட்காருங்க. நீங்கதான் இங்கிலீஷ் வாத்தியாரா? நான் இருக்கிறதையே மறந்துட்டு நடத்துங்க."

வாங்கிய பொருள் பழுதாகிவிட்டால் கடைக்குப் போன் போட்டு எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். தையற்கார அம்மா கடைக்காரர், மெக்கானிக் வாடிக்கையாளர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சலூன்காரரும் கணக்கு எழுதுபவரும் ஏதோ குசுகுசுத்தார்கள்.

"அங்க என்ன பேச்சு?" என்று திரும்பி ஓர் அதட்டல் போட்டார் தையற்கார அம்மா. அறையே கப்சிப். முதல்வர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நாளெல்லாம் உழைச்சிட்டு இங்கயும் வர்றீங்களே, அசதியா இல்லையா?" என்று கேட்டார் முதல்வர்.

"அசதி பார்த்தா ஆகுமா சார்? இந்த வகுப்பை மூடிட்டா எங்க பொழைப்பும் சேர்ந்து போயிடும்."

"நீங்க?" என்று மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாள் வராட்டி மறுநாள் இவர் மூஞ்சியில முழிக்க முடியாது சார். அவ்வளவு மரியாதை."

முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் இப்படி ஓர் ஆர்வமா! கைக்குட்டையை எடுத்தவரின் காதில், அந்த நேரம் பார்த்து, கடைசி பெஞ்சுக் குறட்டை விழுந்தது. முகம் மாறியது.

"இப்படிப்பட்டவங்களுக்கு நடுவுல இது யாரு?"

"டாக்ஸி ஓட்டுறவர் சார்..."

"பார்த்தா படிக்க வந்தவர் மாதிரியே தெரியலையே! இவர் பேரை முதல்ல அடிங்க. இருக்கிற நல்ல மாணவர்களும் இவரால கெட்டுப்போவாங்க."

அடித்தால் ஒன்பது. ஒன்பது என்றால் வகுப்புக்குப் பூட்டு. ஆனால் அதையும் மீறிப் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாட்டேன் சார். விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கிறவர் இவர். நேரா வீட்டுக்குப் போனா கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருக்கலாம். அதை விட்டுட்டு இந்தப் பெஞ்சுக்கு வர்றார். முழிச்சிருக்கிற கொஞ்ச நேரத்துல ரெண்டு வார்த்தை கத்துக்காம போனதில்லை. இவர் பேரை அடிக்கிறதா இருந்தா என் பேரையும் சேர்த்து அடிச்சிடுங்க."

முதல்வர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"பயங்கரக் கோபக்காரரா இருக்கீங்களே! சரி, இருந்துட்டுப் போகட்டும். உங்க வகுப்பு நடக்கலாம். நாளைக்கு எஞ்சின் ரிப்பேர் வகுப்பைப் பார்க்கணும். அங்க எத்தனை பேர் தேறுறாங்களோ!"

செருப்புச் சத்தம் படியிறங்கி மறைகிற வரைக்கும் யாரும் அசையவில்லை. மெக்கானிக்தான் முதலில் எழுந்து போய், பழக்க தோஷத்தில் கரும்பலகையைத் துடைத்தார்.

"அப்பாடா, நீங்க தப்பிச்சீங்க சார். நாளைக்கு நான் வாத்தியார், நீங்க எல்லாரும் மாணவர்கள். என் மீசையை இன்னிக்கே எடுத்துடறேன். நீங்க ஆளுக்குக் கொஞ்சம் கிரீஸ் பூசிக்கிட்டு வந்துடுங்க, அவருக்கு அடையாளம் தெரியக்கூடாது. சார், உங்க மூஞ்சிக்கு மட்டும் ரெண்டு பூச்சு!"

"நாளன்னிக்கு என் தையல் வகுப்பு, மறந்துடாதீங்க" என்றார் அந்த அம்மா.

"அதுக்கடுத்தது என் கேக் வகுப்பு!" "அப்புறம் என்னோட முடிவெட்டு வகுப்பு!" என்று ஆளாளுக்குக் குரலை உயர்த்தினார்கள்.

"உஷ்! மெதுவா!" பேராசிரியர் கடைசி பெஞ்சைக் காட்டினார். "அவர் தூங்கட்டும். இந்தக் காலேஜுக்குச் சாயங்காலத்துல நிஜமாவே படிக்க வர்றது அவர் ஒருத்தர்தான்!"